குழந்தை இப்போது வேண்டாம் என்றால் பிசிஓஎஸ்-க்குச் சிகிச்சை தேவையா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது, திருமணம் ஆகவில்லை. மாதவிடாய் சில சமயம் மூன்று, நான்கு மாதம் வரை தள்ளிப்போகிறது. தாடைக்கு அடியில் தடித்த முடிகள் முளைப்பதால், வெளியே கிளம்பும் முன் கண்ணாடியும் இடுக்கியுமாக நிற்பது வழக்கமாகிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித் தடுக்கிறார்கள். நான் ஒல்லியான உடல்வாகு உடையவள் என்பதால் எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையும் எனக்குப் பொருந்தாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை இதை அப்படியே விட்டுவைக்கலாமா?

மறுமொழி 1

விட்டுவைக்க வேண்டாம், தங்கையே. பல ஆண்டுகளாக இதே சிக்கலோடு வாழ்பவள் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். கருமுட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவில் சுரக்கும்; அது சுரக்காத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கச் செய்துகொண்டே இருக்கும்; இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அந்தப் படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் வயதில் அந்த வாய்ப்பு மிகக் குறைவுதான், பயந்துவிட வேண்டாம். ஆனால் 90 நாட்களுக்கு மேல் மாதவிடாய் வராமல் இருப்பதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. கருத்தடை மாத்திரையோ, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் எடுக்கும் புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரையோ அந்தப் படலத்தைக் காக்கும். திருமணத்தால் இதில் எதுவும் மாறப்போவதில்லை என்பதைப் பெரியவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். கண்ணில் ஒளிக்கீற்றுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் எவருக்காவது இரத்தம் உறைந்த வரலாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் சரியாக ஏற்காததால் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. அது சினைப்பையை ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) சுரக்கத் தூண்டுவதுடன், ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைத்துவிடுகிறது. உங்கள் தாடையில் முளைக்கும் முடிக்கு அந்த ஆண்ட்ரோஜனே காரணம். எனவே எடை கூடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையை ஒருமுறை செய்துவிட்டு, அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்வது நல்லது. தசைக்கு வேலை கொடுக்கும் உடற்பயிற்சி எடை குறையாமலே இன்சுலினின் செயல்திறனைக் கூட்டும். உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை மருத்துவர் கொடுத்தால் சிறிய அளவில் தொடங்கி, உணவோடு சாப்பிடுங்கள். வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்ட காலம் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3

முடி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஹார்மோன் மாத்திரையின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அது தெரியாமல் இரண்டே மாதத்தில் நிறுத்திவிடுபவர்கள் பலர். மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயோடு அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. கண்ணாடி முன் நிற்கும் அந்த நேரம் உங்கள் நாளையே கெடுக்கிறது என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்கு உரியதே.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு மட்டுமே பார்த்தார்கள். வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா?

மறுமொழி 2

தொடங்காதது ஒரு வகையில் வசதிதான். கருத்தடை மாத்திரை, ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோன் அளவை மாற்றிக் காட்டும் என்பதால் அதை இப்போதே பார்த்துவிடலாம். பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டினையும், அட்ரீனல் சுரப்பிக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்யும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்டிரோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் வந்த தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். வெறும் கறை பட்ட நாட்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.