முகங்கொடாப் படமும் ஓரங்கழிப்பும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படக் கலையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பங்கு இது. ‘கேண்டிட்’ படத்துக்கு, அதாவது எதிரே இருப்பவர் கேமராவுக்காக நிற்காமல் இருக்கும்போது எடுக்கும் படத்துக்கு, இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘இயல்புப் படம்’ என்பதற்கே ஆதரவு கூடுதலாக இருக்கிறது. திருமணத்திலும் வீட்டு விழாவிலும் எடுக்கும் படங்களுக்கு அது போதும். அங்கே கேமராவோடு ஒருவர் சுற்றிவருவது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவருக்காக நிமிர்ந்து நிற்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் ரயில் பெட்டியில் எதிர் இருக்கையில் கண்ணயர்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரை எடுத்த படத்துக்கும் இதே சொல்லைச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘இயல்பு’ என்பது எடுத்தவரின் பெருமிதம். எடுக்கப்பட்டவர் இசைந்தாரா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதே இல்லை.

மூலச் சொல்லும் நமக்கு வழிகாட்டாது. ‘கேண்டிட்’ என்பதன் லத்தீன் வேருக்கு வெண்மை என்று பொருள். அதிலிருந்து கள்ளமின்மை, ஒளிவுமறைவின்மை என்று பொருள் விரிந்தது. தமிழிலும் வெள்ளந்தி, வெள்ளை மனம் என்கிறோம். அந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கள்ளமில்லாமல் இருப்பவர் படத்தில் இருப்பவர்தான். ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் எரிக் சாலமன் 1920களின் இறுதியில் தொப்பிக்குள் கேமராவை ஒளித்து வைத்து நீதிமன்றத்தைப் படமெடுத்தார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் மேல்கோட்டுக்குள் 35 மி.மீ. கேமராவைச் செருகி, பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்கும்படி வைத்து, சட்டைக் கைக்குள் ஓடிய கம்பியை அழுத்திப் படமெடுத்தார். இதில் வெண்மை எங்கே இருக்கிறது?

‘களவுப்படம்’ என்ற பரிந்துரையையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். களவு என்றால் திருட்டு மட்டுமல்ல, பிறர் அறியாமல் நடப்பது என்ற அகப்பொருள் மரபு அதற்கு உண்டு. ஆனாலும் இன்றைய வாசகருக்குத் திருட்டு வட்டுதான் நினைவுக்கு வரும். ‘அறியாப் படம்’ என்பதும் முழுதாகப் பொருந்தவில்லை. கடைசி நொடியில் எதிரே இருப்பவர் நிமிர்ந்து லென்ஸை நேராகப் பார்த்துவிடுவது உண்டு. அந்தப் படத்தில் அவர் அறிந்துவிட்டார், இசையவில்லை.

என் பரிந்துரை ‘முகங்கொடாப் படம்’. ‘முகங்கொடுத்துப் பேசினார்’ என்கிறோம் அல்லவா? முகம் என்பது ஒருவர் கொடுப்பது. கேமராவுக்கு முகங்கொடுத்து நின்றால் அது ஒரு வகைப் படம். அவர் கொடுக்காமல் நாம் எடுத்துக்கொண்டது இன்னொரு வகை. கொடாதது படமா, ஆளா என்று இலக்கணம் கேட்பவர்களுக்கு ‘எழுதாக் கிளவி’யைக் (எழுதப்படாத மொழி, அதாவது வேதம்) காட்டுவேன், எழுதாதது கிளவியா என்று அங்கே யாரும் மயங்குவதில்லை. முகங்கொடாமை வெறுப்பையும் குறிக்குமே என்ற தடை எழலாம். குறிக்கட்டும், படத்தில் இருப்பவருக்கு அந்த உரிமையும் உண்டு.

அடுத்தது ‘கிராப்’, அதாவது எடுத்த படத்தின் ஓரங்களை நீக்குவது. அதற்குச் ‘செதுக்கு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் என்னுடைய ஒரு படம்.

ரயிலில் எடுத்தது. முதியவர் ஒருவர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உறங்குகிறார். மூச்சுக் காற்று பட்டுக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி படர்ந்திருக்கிறது. வலது ஓரத்தில், மணிக்கட்டு வரை மட்டும் தெரியும் ஒரு குழந்தையின் கை அவருடைய சட்டை நுனியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கை பார்வையை இழுக்கிறது என்று வலப்பக்கத்தை வெட்டினேன். படம் கச்சிதமாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் ‘தனிமை’ என்றார்கள். பேரக்குழந்தையோடு போய்க்கொண்டிருந்த ஒருவரை நான் ஆதரவற்றவராக்கிவிட்டேன். அந்தப் படத்தை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

சிற்பி செதுக்கும்போது சிதறுவது கல். அதில் முன்பு யாரும் இருக்கவில்லை. படத்தின் ஓரத்திலோ ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள். ஆகவே ‘ஓரங்கழி’, ‘ஓரங்கழிப்பு’ என்று பரிந்துரைக்கிறேன். இருந்ததிலிருந்து எடுத்துவிட்டோம், மீதி இது என்ற கணக்கு ‘கழித்தல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. 6000 × 4000 புள்ளிகள் கொண்ட படத்தில் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் எஞ்சுவது 3000 × 2000, 2.4 கோடிப் புள்ளிகளில் 60 லட்சம்தான் மிச்சம், முக்கால் பங்கு கழிந்துவிட்டது. ‘வெட்டு’ என்பதை வெட்டி ஒட்டுவதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘கவாத்து’ அழகான சொல், ஆனால் கவாத்து செய்த கிளை மீண்டும் துளிர்க்கும். பொத்தானில் எழுத இடம் போதாது என்பவர்களுக்கு: செதுக்கு நான்கு எழுத்து, ஓரங்கழி ஐந்து.

ஓடும் வண்டியில் எடுத்த படத்துக்கு ஓரங்கழிப்பை வெறுமனே பின்னால் செய்யும் மெருகு வேலையாகவும் கருத முடியாது. இருக்கையை விட்டு எழுந்து கோணம் பார்க்க வழியில்லை. காட்சியமைப்பில் பாதி பிறகுதான் நடக்கிறது. எவன்ஸ் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்காமலே எடுத்தவர். அந்தப் படங்களை அச்சிடும்போது ஓரங்களைக் கழித்தே வடிவம் கண்டார். ஓரங்கழிப்பை வெறுத்தவராக அறியப்படும் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன்கூட, 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரை எடுத்த படத்தில் ஓரத்தைக் கழித்தார். வேலிப் பலகை இடுக்கு வழியே எடுத்ததால் பலகை படத்தில் விழுந்திருந்தது.

‘ஃபிரேம்’ என்பதற்கு வழங்கும் ‘சட்டகம்’ அப்படியே இருக்கட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். பல செயலிகள் ஓரத்தை நீக்குவதில்லை. மூலப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓரத்தைக் கண்ணுக்கு மறைக்கின்றன, வேண்டும்போது மீட்டுத் தருகின்றன. 2023இல் ஒரு கைபேசித் திருத்தக் கருவியில், வெட்டிச் சேமித்துப் பகிர்ந்த திரைப்பிடிப்புகளிலிருந்து நீங்கியதாக நினைத்த பகுதியைப் பிறர் மீட்டெடுக்க முடியும் என்று தெரியவந்தது. கழிக்கப்பட்டதாக நம்பிய முகம் கோப்பிலேயே இருந்திருக்கிறது. அதனால் இந்த இரண்டையும் ஒரே வினையால் சொல்லக் கூடாது. மீட்கக்கூடியதற்கு ‘ஓரமறைப்பு’, மீளாததற்கு ‘ஓரங்கழிப்பு’ என்று பிரிக்கலாமா? செயலிகளைத் தமிழாக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். பொத்தானை அழுத்துபவருக்கு எது நடக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிய வேண்டும்.