அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் கேமரா காணாமல் போனவர்கள் இங்கே வாருங்கள்

கணக்கு வாத்தியார்:

லேப்டாப்பில் உள்ளேயே பதித்து வரும் கேமரா, விண்டோஸ் அப்டேட் முடிந்த மறுநாள் மூச்சே விடவில்லை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். குரல் போகிறது, முகம் போகவில்லை. "சார், வீடியோ ஆன் பண்ணுங்க" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். கேமரா ஆப்பைத் திறந்தால் கேமராவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி, அதன் கீழே 4244 என்று முடியும் பிழை எண்.

இதற்கு எல்லாரும் முதலில் கைகாட்டுவது பிரைவசி செட்டிங்ஸ். அங்கே கேமரா பக்கத்தில் மூன்று அனுமதிகள் உண்டு. மொத்தத்துக்கும் ஒன்று, ஆப்களுக்கு ஒன்று, கீழே இறங்கிப் போனால் டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனியாக ஒன்று. கடைசியில் இருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை; பிரவுசரில் வகுப்பு எடுப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். எனக்கு மூன்றும் ஆனில்தான் இருந்தன.

சரி என்று, கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜருக்குப் போனேன். கேமராஸ் என்ற தலைப்பே பட்டியலில் இல்லை. வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்ததும் மங்கலாக ஒரு வரி எட்டிப் பார்த்தது. அதைத் திறந்தால் கோட் 45: இந்தச் சாதனம் இப்போது கணினியோடு இணைக்கப்படவில்லை. இந்த 45-ஐக் கவனியுங்கள். டிரைவரில் (கேமராவை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளில்) கோளாறு என்றால் கேமராவின் பெயர் தெரியும், பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். 45 என்றால் கேமராவே சிஸ்டத்தின் கண்ணில் படவில்லை. இந்த நிலையில் டிரைவரை எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. பக்கத்துக் கடையில் காட்டினால், "கேமரா போயிடுச்சு சார், ஸ்கிரீன் ஃபிரேமைக் கழட்டி மாத்தணும்" என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் உள்ளுக்குள் யூஎஸ்பி இணைப்பில்தான் ஓடுகின்றன. வெளியே செருகும் வெப்கேம் மக்கர் செய்தால் பிடுங்கிச் செருகுவோம். உள்ளே இருப்பதை எப்படிப் பிடுங்குவது? வெறும் ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. கர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த தடவை அதையே தூக்கிக்கொண்டு எழுந்திருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால்தான் முழுசாக அணையும். அப்படி அணைத்து, சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்தேன். போர்டில் மிச்சம் மீதி இருக்கும் கரண்ட் இறங்க வேண்டும், அதற்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால் கேமராஸ் தலைப்பு பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடிகிற பழைய மாடல் என்றால் அதையும் ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள்.

வேலை தேடுபவள்:

வாத்தியார் சாருக்கு 45, எனக்குக் கோட் 10: சாதனம் தொடங்க முடியவில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு. மறுநாள் காலையில் வீடியோ இன்டர்வியூ இருக்கும்போது ராத்திரி இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

டிரைவர் டேபில் 'ரோல் பேக்' பட்டன் மங்கிக் கிடந்தது. திரும்பிப் போகப் பழைய டிரைவர் எதுவும் கைவசம் இல்லை என்று அர்த்தம். 'அன்இன்ஸ்டால்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால், அதே டிரைவர் அதே முக்கோணத்தோடு வந்து நிற்கிறது. அன்இன்ஸ்டால் கேட்கும் சின்னப் பெட்டியில், டிரைவரையும் சேர்த்து நீக்குவதற்கு ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் டிரைவர் ஃபைல் டிஸ்கிலேயே இருக்கும், சிஸ்டம் அதையேதான் மறுபடி எடுத்துப் போடும்.

எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. கேமரா மேல் ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்'. இணையத்தில் தேடச் சொல்லாமல் 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அதற்குள் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வரி. அங்கே லேப்டாப் கம்பெனியின் டிரைவரோடு 'யூஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்று இன்னொன்றும் இருக்கும். அது விண்டோஸோடு கூடவே வரும் பொது டிரைவர். யூஎஸ்பி கேமராக்களுக்கு யூவிசி என்ற பொதுத்தரம் 2003-லேயே வந்துவிட்டது. அதன்படி செய்த எந்தக் கேமராவும் இந்த டிரைவரில் ஓடும். தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்ததும், ரீஸ்டார்ட்கூட இல்லாமல், கேமரா பக்கத்து வெள்ளை விளக்கு எரிந்தது. தலை கலைந்த என் முகம் திரையில்! படம் முன்பைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது, போகட்டும். இன்டர்வியூவுக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இரண்டு கேமரா தெரிந்து, ஒன்றின் பெயரில் ஐஆர் என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். முகத்தைக் காட்டி லாகின் ஆகும் வசதிக்கான அகச்சிவப்புக் கேமரா அது.

சர்வீஸ்காரன் (சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்):

தங்கச்சி சொன்னது சரியான வழி. ஆனால் புதிதாக வரும் மெல்லிசு லேப்டாப்கள் சிலவற்றில் கேமரா யூஎஸ்பியில் இல்லை. செல்போனில் இருப்பதுபோல் எம்ஐபிஐ இணைப்பில் நேராகப் பிராசஸரோடு பேசும். அதற்குப் பொது டிரைவர் வேலைக்கு ஆகாது. அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்க வேண்டும்.

"அப்டேட் போட்டேன், கேமரா போச்சு" என்று கவுண்டருக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு லென்ஸ் மேல் இருக்கும் குட்டி ஷட்டர்தான் மூடியிருக்கும். விரல் நகத்தால் தள்ளினால் சரி. இல்லாவிட்டால் மேல் வரிசையில் கேமரா படம் போட்ட கீயை அப்டேட் ஓடும்போது குழந்தை அழுத்தியிருக்கும். திரையில் சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடு போட்ட கேமரா படம் தெரிந்தால் பயப்படவே வேண்டாம், கேமரா உயிரோடுதான் இருக்கிறது, எங்கோ அணைத்து வைத்திருக்கிறீர்கள். அப்டேட்டோடு சேர்ந்து பயாஸும் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகியிருந்தால், பயாஸுக்குள் போய் அங்கே கேமரா ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்டேட் மேல் பழி விழும் இன்னொரு கேஸ், கீல் வழியாகப் போகும் வயர். கேமராவை ஓடவிட்டு ஸ்கிரீனை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால் வயர் நைந்திருக்கிறது, அதற்கு மட்டும்தான் திருப்புளி எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே அப்டேட்டால் கேமராக்கள் மொத்தமாக நின்றதும் உண்டு. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட்டை எங்கள் தொழிலில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே கேமராவைப் பல ஆப்கள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று நடுவில் ஃபிரேம் சர்வர் என்று ஒன்றை உட்கார வைத்தார்கள். எம்ஜேபெக், எச்.264 முறையில் சுருக்கிய படத்தை நேராக எதிர்பார்த்த ஆப்களுக்கு அது போய்ச் சேராமல் படம் உறைந்து நின்றது. பிறகு வந்த திருத்தம் வரைக்கும் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சர்வரை அணைத்துத்தான் சமாளித்தார்கள்.

தயவுசெய்து 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் குதிக்கும் மென்பொருளுக்குக் காசு கட்டாதீர்கள். கேமராவுக்காக விண்டோஸை ஃபார்மட் செய்யவும் வேண்டாம். பெரிய வெர்ஷன் மாற்றம் என்றால் ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' இருக்கும். வழக்கமாகப் பத்து நாள்தான் கெடு, அதற்குள் முடிவெடுங்கள்.

யாழ்ப்பாணத்தான்:

எனக்கு வேறு மாதிரி, அண்ணா. கமரா ஆப்பில் முகம் வடிவாகத் தெரிகிறது. பிரவுசரில் மட்டும் முழுக்கக் கறுப்பு. சிஸ்டத்தோடு சேர்ந்து அன்டிவைரஸும் புதிசாகியிருந்தது. அதற்குள் வெப்கமரா பாதுகாப்பு என்று ஒன்று தானாகவே போட்டுக்கிடந்து பிரவுசரை மறித்துவிட்டது. விலக்குப் பட்டியலில் பிரவுசரைச் சேர்த்ததோடு அலுவல் முடிந்தது. பிழை எண் 4243 என்று முடிந்தால் அது இன்னொரு கதை: வேறு ஏதோ ஆப் கமராவைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை மூடினால் சரி.

லினக்ஸ் பித்து:

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓட்டும் எங்கள் பக்கமும் இது உண்டு. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கேமரா போனால், கணினி எழும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து பார்ப்பேன். அதில் வந்தால் கேமரா மேல் தப்பில்லை, அடுத்த கர்னல் வரும்வரை பழையதிலேயே ஓட்ட வேண்டியதுதான்.

விண்டோஸ்காரர்களுக்கும் இதில் ஒரு உபயோகம் இருக்கிறது. ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, 'சீஸ்' மாதிரி ஒரு கேமரா ஆப்பைத் திறந்து பாருங்கள். முகம் தெரிந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது. கடைக்காரர் கேமராவை மாற்றச் சொன்னால் அந்தத் திரையைக் காட்டுங்கள்.

சர்வீஸ்காரன்:

பென் டிரைவ் யோசனை நல்லது, நானும் செய்வேன். ஆனால் தெரிந்தால்தான் தீர்ப்பு. தெரியாவிட்டால் கேமரா போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நான் சொன்ன எம்ஐபிஐ கேமராக்களில் பல, நல்ல நிலையில் இருந்தாலும் லினக்ஸில் சும்மா எழுந்திருக்காது.