ஆடுகளுக்கு நடுவே ஓர் ஆட்டம்: புரோரா

ஸ்காட்லாந்தின் வடகோடிக்குக் கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் பெரும்பாலும் ராயல் டோர்னாக் மைதானம் வரை போவார்கள். அங்கே ஒரு ரவுண்டு ஆடிவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதே கரையில் இன்னும் அரை மணி நேரம் வடக்கே போனால் புரோரா. அது அருமையான இடம் என்று தெரிந்து நாங்கள் போகவில்லை. டோர்னாக்கில் ஆட நேரம் ஒதுக்கிக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முந்தைய ஜூன் மாதம் அது.

முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், வலப்பக்கம் கடல், எதிரே ஃபேர்வே என்ற புல்பாதை, ஃபேர்வேயின் நடுவில் பத்துப் பதினைந்து செம்மறி ஆடுகள். அவை நகரட்டும் என்று டிரைவர் மட்டையைப் பிடித்தபடி நின்றேன். எங்களோடு சேர்ந்து ஆட வந்த உள்ளூர்ப் பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "அடியுங்க, அதுங்களுக்கு இது பழக்கம்தான்" என்றார். அடித்தேன். பந்து தலைக்கு மேலே பறந்தபோதும் ஓர் ஆடுகூட நிமிரவில்லை.

மைதானம் இருப்பது பொது மேய்ச்சல் நிலத்தில். நாங்கள் போனபோது ஆடுகளோடு மாடுகளும் மேய்ந்துகொண்டிருந்தன. குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனில் அவை கால் வைக்காமல் இருக்க, ஒவ்வொரு கிரீனையும் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒற்றை மின்கம்பி. பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் பட் அடிக்கக் குனிந்து மூச்சைப் பிடிக்கும் நேரத்தில், கம்பியில் புல் உரசும் இடத்திலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வரும். நாலாவது கிரீனில் நண்பன் பையோடு கம்பியைத் தாண்டப் போனான். "பெரிய ஷாக் இல்லை, சுருக்குனுதான் இருந்துச்சு" என்று பிறகு சமாளித்தாலும், ஏழாவது வரை அவன் பட்டிங் தேறவே இல்லை.

சாணம் வேறு. கோல்ஃப் விதிப்படி விலங்குகளின் கழிவும் காய்ந்த சருகு மாதிரிதான், தண்டனை இல்லாமல் அகற்றிவிடலாம். ஆனால் கிரீனுக்கு வெளியே அகற்றும்போது பந்து அசைந்தால் தண்டனையாக ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, கணக்கில் ஏறிவிடும். அப்படி ஓர் இடத்தில் என் பந்து ஒரு காய்ந்த வரட்டி மேல் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றது. எடுத்தால் அசையும், எடுக்காமல் அடித்தால் தெறிக்கும். அப்படியே அடித்தேன். காய்ந்ததாக இருந்தது என் நல்ல நேரம்.

இதையெல்லாம் படித்துவிட்டு இது ஏதோ வேடிக்கைக்கு ஆடும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஐந்து முறை வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் 1923இல் மாற்றி அமைத்த மைதானம் இது. முதல் ஒன்பது ஹோல்கள் கரையை ஒட்டி வடக்கே போகும், அடுத்த ஒன்பது உட்புறமாகத் திரும்பி வரும். அன்று தென்மேற்குக் காற்று. போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது மாதிரி இருந்தது. ஒன்பது ஹோலுக்கு 41 ஸ்ட்ரோக் (எண்ணிக்கை குறையக் குறைய நல்லது). என் ஆட்டத்துக்கு அது தீபாவளி. 'மொத்தமே ஆறாயிரத்துச் சொச்சம் கஜம், இதில் என்ன இருக்கு' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பெரியவர் பதில் பேசவில்லை.

திரும்பும்போதுதான் தெரிந்தது. சாதாரணமாக 7 அயன் மட்டையால் 150 கஜம் போகும் என் பந்து எதிர்காற்றில் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கொஞ்சம் பின்னாலேயே வந்து விழுந்தது போல் இருந்தது. 120கூடப் போகவில்லை. வேகமாக அடித்தால் பந்து இன்னும் சுழன்று இன்னும் மேலே ஏறுகிறது. பெரியவரோ 5 அயனைக் கட்டையாகப் பிடித்து, பாதி வீச்சில், இடுப்பு உயரத்துக்கு மேல் பந்தைப் போகவே விடாமல் ஆடினார். அடியில் மணல், மேலே ஒட்ட வளர்ந்த மெல்லிய ஃபெஸ்க்யூ புல். பந்து விழுந்த இடத்திலிருந்து முப்பது கஜம் தானாக ஓடுகிறது. பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையை உறையில் போட்டுவிட்டு, கிரீனுக்கு இருபது கஜம் முன்பிருந்தே, தரையோடு உருட்டும் பட்டரை எடுக்க ஆரம்பித்தேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதற்குப் பிறகுதான் டபுள் போகி (ஹோலுக்கு விதித்த கணக்கைவிட இரண்டு ஸ்ட்ரோக் கூடுவது) குறைந்தது.

பார்-3 ஹோல்கள், அதாவது மூன்று ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியவை, நாலும் நாலு திசையைப் பார்த்தவை, அதனால் ஒன்றில் கற்ற கணக்கு அடுத்ததில் செல்லாது. 17ஆவது ஹோலின் பெயர் டார்பட்னெஸ். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும், அதே பெயருள்ள கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்து அடிக்க வேண்டும். வெள்ளைக் கோபுரம், இரண்டு சிவப்புப் பட்டைகள் என்று படித்து வைத்திருந்தேன். அன்று அந்தப் பக்கம் முழுக்க மூடுபனி. "எங்கே?" என்றேன். பெரியவர் வெறும் சாம்பல் நிறத்தைப் பார்த்து மட்டையை நீட்டி, "அங்கேதான் இருக்கு" என்றார். நம்பி அடித்தேன். பந்து நடு ஃபேர்வேயில் கிடந்தது.

18ஆவது சுமார் 200 கஜப் பார்-3. கிளப்ஹவுஸுக்குக் கீழே மேட்டில் கிரீன். டிரைவரால் அடித்தும் எட்டவில்லை. கடைசி ஒன்பது ஹோலுக்கு 52 ஸ்ட்ரோக்.

இந்த மாதிரி அதிகம் பேசப்படாத லிங்க்ஸில் (கடலோர மணல்நில மைதானங்களில்) ஆடியவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

*

பதில் 1

எனக்கு மக்ரிஹானிஷ். மேற்கு ஸ்காட்லாந்தில், கின்டயர் தீபகற்பத்தின் அடிக்கோடியில் இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், அதனாலேயே கூட்டம் குறைவு. கிளப் தொடங்கியது 1876இல்.

அங்கே முதல் அடியே பரீட்சை. டீ ஒரு பக்கம், ஃபேர்வே ஒரு பக்கம், நடுவில் கடற்கரை. இடப்பக்கம் எவ்வளவு அதிகமாகக் குறுக்கே வெட்டுகிறீர்களோ, அடுத்த அடி அவ்வளவு சின்னது. கீழே மணலில் நடப்பவர்களுக்கு, மேலிருந்து பந்து வரும், தள்ளிப் போங்கள் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பேராசைப்பட்டு வெட்டினேன், பந்து ஈர மணலில் விழுந்தது. அவ்வளவுதான் என்று இன்னொரு பந்தை எடுக்கப் போனால், "கடற்கரை எல்லைக்குள்தான், போய் அடி" என்றார்கள். இறங்கினேன். அலை இறங்கியிருந்த நேரம். பந்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது, அதன் சொந்தக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயை நகர்த்தச் சொல்லிக் கேட்டு, 9 அயனால் கரைமேட்டைத் தாண்டி மேலே ஏற்றினேன். போகிதான், ஒரு ஸ்ட்ரோக் கூடுதல். ஆனாலும் என் வாழ்நாளில் இப்படி ஒரு போகி எடுத்ததில்லை.

*

பதில் 2

எல்லாரும் புகழ்கிறீர்கள், ஒருவராவது குறை சொல்ல வேண்டாமா? ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் க்ரூடன் பே மைதானத்துக்குப் போனேன். மணல்மேடுகளும் தூரத்தில் பாழடைந்த ஸ்லெயின்ஸ் கோட்டையும் கண்ணை விட்டுப் போகாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 15ஆவது ஒரு பார்-3, டீயிலிருந்து கிரீனே தெரியாது! நன்றாக அடித்தேனா இல்லையா என்று அடித்தவனுக்கே தெரியாமல் மேட்டைச் சுற்றி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். இதைத் திறமை என்பதா, லாட்டரி என்பதா? கோர்ஸ் (gorse) என்ற முட்புதரில் மூன்று பந்தும் போனது. மூன்று நிமிஷம் தேடிவிட்டு முள் குத்திய கையோடு திரும்பினேன்.

*

தொடங்கியவர்

லாட்டரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். புரோராவில் அந்தப் பெரியவர் மொத்தம் 79 ஸ்ட்ரோக்கில் முடித்தாரே, அவருக்கு மட்டும் எப்படிப் பதினெட்டு முறையும் சீட்டு விழுந்தது என்று எனக்கும் புரியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். புரோரா கிளப்பின் சின்னம் ஆர்க்டிக் ஆலா. அழகான பறவை என்று கிளப்ஹவுஸில் அந்தச் சின்னம் போட்ட தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டேன். ஜூனில் அது அங்கே தரையில்தான் கூடு வைக்கும், யாராவது பக்கத்தில் போனால் நேரே தலைக்குப் பாயும். எட்டாவது ஹோலில் பந்தைத் தேடிப் போன என்னைத் துரத்தியது, காசு கொடுத்து வாங்கிய தொப்பியில் எச்சமும் போட்டது. ஆடு, மாடு, மின்கம்பி எல்லாவற்றையும் பற்றி முன்கூட்டியே சொன்ன பெரியவர் இதை மட்டும் சொல்லவே இல்லை. நான் ஓடிவந்தபோது அவர் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.