ஏரி போட் இன்ஜின்: முழு வேகத்துல கொஞ்ச நேரம் ஓடி அணைஞ்சிடுது. டீசல் வரத்துதான் குறையா?

ஏரிக்கரை மெக்கானிக்

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டிப் பக்கம் ஒரு ஏரியில சவாரி போட்டுகளைப் பார்த்துக்கிற மெக்கானிக் நான். ஏரி பேர் வேண்டாம், எங்க முதலாளிகிட்டயும் செல்போன் இருக்கு.

பிரச்சினை 20 பேர் உக்கார்ற ஃபைபர் போட்ல. நடுவுல பெட்டிக்குள்ள டீசல் இன்ஜின். மூணு சிலிண்டர், டர்போ கிடையாது, இன்லைன் பம்ப் (நாசிலுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்புறது), அதோட பக்கத்துலயே ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலைக் கொண்டுவர்றது). டேங்க் பின்னாடி தரையோட தரையா, இன்ஜினுக்குத் தாழ்வா இருக்கு. இதுக்கு முன்னாடி ஆலப்புழை காயல்ல ஓடின வண்டி. அங்க ஒரு குறையும் இல்லன்னு வித்தவர் சொன்னார். விக்கிறவர் வேற என்ன சொல்வார்.

காலையில ஒரே செல்ஃப்ல பிடிச்சுக்கும். கரையோரமா மெதுவா போனா நாள் பூரா ஓடும். நடு ஏரியில முழு ஆக்சிலேட்டர் குடுத்தா கால் மணி நேரம் நல்லா இழுக்கும். அப்புறம் சத்தம் மெலிஞ்சு, வேகம் இறங்கி, கடைசியில ஒரு உதறு உதறி நின்னுடும். உடனே செல்ஃப் அடிச்சா பிடிக்காது. ஃபீட் பம்ப் கை பிளஞ்சரை அடிச்சா பிடிக்கும். ஒண்ணும் செய்யாம கொஞ்ச நேரம் சும்மா விட்டாலும் பிடிக்கும். எனக்கு விளங்காதது அதுதான். ஏர் லாக்னா, அதாவது டீசல் லைன்ல காத்து சிக்கினா, தானா எப்படிச் சரியாகும்?

ரெண்டு ஃபில்டரும் புதுசு. ஃபீட் பம்புக்கு கிட் மாத்தியாச்சு. வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்துல தண்ணி கொஞ்சம் இருந்தது, வடிச்சுட்டேன். நாசிலை (சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிறது) கழட்டி கோயம்புத்தூர் அனுப்பலாம்னு முதலாளி சொல்றார். மே சீசனுக்குள்ள வண்டி ஓடணும்.

தலைகுந்தா டீசல்

ப்ரோ, நம்ம ஊர் குளிருக்கு டீசல்ல மெழுகு கட்டும். அதுதான் ஃபில்டரை அடைக்குது. லிட்டருக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊத்துங்க, எங்க பிக்கப்புக்கு டிசம்பர்ல அதுதான் வைத்தியம்.

பாம்பன்காரன்

தம்பி, மண்ணெண்ணெய் பக்கம் போயிராதீங்க. இன்லைன் பம்புக்குள்ள ஏறி இறங்குற எலிமெண்டுக்கு வழவழப்பு குடுக்குறதே டீசல்தான். மண்ணெண்ணெய்ல அந்தப் பசை கம்மி, நாள்பட பம்ப் தேஞ்சு போகும். அதுவும் மெழுகுன்னா விடியக்காலையில பிடிக்கும்போதே தெரியணும், இவர் வண்டி காலையில ஒரே அடியில பிடிக்குதே.

எனக்கு நாலஞ்சு விஷயம் தெரியணும். நிக்கிறதுக்கு முன்னால புகை என்ன நிறம்? கரும்புகைன்னா டீசலை விட்டுட்டு புரொபெல்லரைப் பாருங்க. ஏரிப் பாசி சுத்தினா லோடு ஏறி இதே மாதிரிதான் இறங்கும். வெள்ளையா விட்டு விட்டு வந்து சுதி ஏறி இறங்குனா, டீசலோட காத்து வருது. புகையே இல்லாம மெலிஞ்சு செத்தா டீசல் பத்தல. சட்டுனு சாவியைத் திருப்பினாப்புல நின்னா இன்ஜினை நிறுத்துற ஸ்டாப் சொலினாய்டு வயர் லூஸ். ஆயில் குச்சியையும் பாருங்க. மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடிச்சா பம்ப் வழியா ஆயிலுக்குள்ள டீசல் இறங்குதுன்னு அர்த்தம், அதோட ஓட்டவே கூடாது. கூலிங் தண்ணி வெளிய ஒழுங்கா விழுதா?

ஏரிக்கரை மெக்கானிக்

அண்ணே, புகை இல்ல. மெலிஞ்சுதான் சாகுது, கடைசி நொடியில மட்டும் லேசா வெள்ளை. ஆயில் மட்டம் சரியா இருக்கு, வாடை இல்ல. கூலிங் தண்ணி நல்லா விழுது, சூடும் ஏறல. பாசி போன மாசமே எடுத்தாச்சு.

குன்னூர் பழைய ஃபிட்டர்

போட்டைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி, நீச்சலும் வராது. தேயிலை ஃபேக்டரி ஜெனரேட்டர்களோட காலம் தள்ளினவன். கரண்ட் போய் ஜெனரேட்டரும் பிடிக்கலன்னா ஃபெர்மென்டிங்ல கிடக்கிற தூள் வீணாகும், டீமேக்கர் நம்ம தலைமாட்டுல வந்து நிப்பார். அந்த அவசரத்துல கத்துக்கிட்டது ஒண்ணு உண்டு: கையில கிடைச்சதை எல்லாம் மாத்திக்கிட்டே போகாதே, பாதையை ரெண்டா வெட்டு.

நாசில் இப்போதைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டாம். நாசில் கெட்டா மிஸ் அடிக்கும், புகைக்கும், காலையிலயே காட்டிக் குடுக்கும். கால் மணி நேரம் கழிச்சு மூணு சிலிண்டரும் சேர்ந்து பட்டினி கிடந்தா, மூணுக்கும் பொதுவான இடத்துலதான் குறை. அதாவது டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும்.

மலைங்கிறதையும் கணக்குல சேருங்க. ஃபீட் பம்ப் டீசலை இழுக்குதுன்னு பேச்சுக்குச் சொல்றோம். உண்மையில டேங்க்ல இருக்கிற டீசலைத் தள்றது வெளிக்காத்து. பம்ப் தன் பக்கம் அழுத்தத்தைக் குறைச்சு வழி விடுது, அவ்வளவுதான். ஆலப்புழையில காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. அங்க 77, 78 தேறும். தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சுட்டு பருப்பு வேகாம நம்ம வீட்டுப் பெண்களைச் சோதிக்கிறது இதே குறைச்சல்தான். தள்ற பலம் கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. கீழ பாதி அடைச்ச குழாய்லயும் ஒப்பேத்தின வண்டி, மேல வந்ததும் முரண்டு பிடிக்கும். வித்தவர் பொய் சொல்லியிருக்கணும்னு அவசியமில்லை.

சோதனை இப்படிப் பண்ணுங்க. ஆள் ஏத்தாதீங்க. போட்டைக் கரையில நல்ல வடக்கயிறு போட்டுக் கட்டி, கியர் போட்டு, லோடுலயே ஓட்டுங்க. நியூட்ரல்ல எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் இந்த வியாதி தெரியாது, டீசல் செலவு அவ்வளவு ஆகாது. டேங்க்ல இருந்து வர்ற ஓஸைக் கழட்டிட்டு, சுத்தமான கேன்ல நல்ல டீசல் ஊத்தி, புது ஓஸ் ஒண்ணை அதுல விடுங்க. மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஓஸையும் மறக்காம அதே கேனுக்குள்ள விடணும். இல்லன்னா கேன் காலியாகும், டேங்க் நிரம்பும், நீங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருப்பீங்க. கேன்ல அரை மணி நேரம் நிக்காம ஓடினா இன்ஜின் பக்கம் சுத்தம். வழக்கு டேங்க்கோட. அப்பவும் நின்னா ஃபீட் பம்பையும் அதோட கிண்ணத்துக்குள்ள இருக்கிற சின்ன சல்லடையையும் பாருங்க. கிட் மாத்துறவங்க பாதிப் பேர் அந்தச் சல்லடையைத் தொடுறதே இல்லை.

அடுத்தது காத்தா, அடைப்பா? பம்புக்கு முன்னால ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்குற, உள்ள ஓடறது தெரியற கண்ணாடி ஓஸ் போட்டு ஓட்டிப் பாருங்க. குமிழி ஓடினா காத்து. பாஞ்சோ போல்ட் (லைனை மாட்டுற ஓட்டை போல்ட்) காப்பர் வாஷர், காய்ஞ்சு போன ஓஸ் முனை, கிளிப், செப்பரேட்டர் கிண்ணத்து ரப்பர், எல்லாத்தையும் வரிசையா பாருங்க. இழுக்கிற பக்கத்துல டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால கீழ ஈரம் இல்லன்னு நம்பிடக் கூடாது. குமிழியே இல்லாம நின்னா அடைப்பு. கையே சொல்லும்: நின்ன உடனே பிளஞ்சரை இழுங்க. லொடலொடன்னு வந்தா காத்து. விறைப்பா இருந்து, விட்டதும் தானா உள்ள இழுத்துக்கிட்டா, பின்னால ஏதோ வாயை மூடுது.

சும்மா விட்டா பிடிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதை இவ்வளவு விஷயத்துக்கு நடுவுல போற போக்குல எழுதியிருக்கீங்க. அதுதான் முதல் துப்பு.

பாம்பன்காரன்

ஐயா சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன். கேனை இன்ஜின் பெட்டி மேல தூக்கி வச்சிராதீங்க. டீசல் தானா இறங்கி வந்து, ஃபீட் பம்ப் செத்திருந்தாலும் ஓடும். டேங்க் இருக்கிற மட்டத்துலயே தரையில வைங்க. எங்க பக்கம் இந்தக் கூத்து நிறைய நடக்கும், கேன்ல ஓடிருச்சுன்னு டேங்கையே மாத்துவாங்க, கடைசியில பம்ப் போயிருக்கும்.

அப்புறம் டேங்க் மூச்சுக் குழாய். வெளிய இருக்கிற முனையில குளவி மண் வச்சிருந்தா, டீசல் குறையக் குறைய உள்ள வெற்றிடமாகி இப்படியே நிக்கும், சும்மா விட்டா பிடிக்கும். நின்னதும் மூடியைத் திறங்க. புஸ்ஸுனு காத்து உள்ள போற சத்தம் கேட்டா வேற எதையும் கழட்டவே வேண்டாம்.

தலைகுந்தா டீசல்

மண்ணெண்ணெய் விஷயம் வாபஸ் 🙏 ஆனா கம்ப்ரசர் இருக்குல்ல, டேங்க் பக்கம் பார்த்து ஒரு ஊது ஊதினா அடைப்பு போயிடுமே?

குன்னூர் பழைய ஃபிட்டர்

போகும். போய் டேங்குக்குள்ள உக்காந்துக்கிட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல திரும்பி வரும்.

ஏரிக்கரை மெக்கானிக்

முடிஞ்சுது. நடந்ததைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

கட்டிப் போட்டு கேன்ல ஓட்டினேன், தரை மட்டத்துலதான். நிக்கவே இல்ல. திரும்ப டேங்க் லைன் மாட்டினேன், பழையபடி கால் மணி நேரத்துல செத்துது. உடனே மூடி திறந்தேன், புஸ்ஸுனு சத்தம் வரல. மூடியைத் திறந்து வச்சே இன்னொரு தடவை ஓட்டினேன், அப்பவும் நின்னுது. அதனால மூச்சுக் குழாய் இல்ல. கண்ணாடி ஓஸ்ல ஒரு குமிழி கூட ஓடல. பிளஞ்சர் விறைச்சுக்கிட்டு, விட்டா உள்ள இழுத்துச்சு. குன்னூர் ஐயா எழுதினது அப்படியே கைக்குத் தெரிஞ்சுது.

டேங்க்ல டீசல் இழுக்கிற குழாயைக் கழட்டினேன். முனையில சல்லடை, பாதி கறுப்புக் கொழகொழப்பு. அதோட டேங்க் மேல் மூடிக்கு யாரோ கேஸ்கட்டுக்குப் பதிலா பூசின சிலிக்கான் பசை, பிய்ஞ்சு ஒரு கட்டை விரல் அகலத்துக்குத் துண்டா உள்ள கிடந்தது. மெதுவா போனா அது பாட்டுக்குக் கிடக்கும். முழு வேகத்துல இழுப்பு கூடக் கூட வந்து சல்லடையில ஒட்டிக்கும். இன்ஜின் நின்னா இழுப்பு விட்டுப்போய்க் கழண்டு விழுந்துடும். தானா சரியானது அப்படித்தான்.

டேங்கை முழுசா இறக்கிக் கழுவிட்டேன். அடியில ஒரு டம்ளர் அளவு தண்ணி, அதுக்கு மேல அந்தக் கொழகொழப்பு. அழுக்கு டீசலை கேன்ல பிடிச்சு வச்சிருக்கேன், ஏரியில ஒரு சொட்டு விழல. நேத்து முழு வேகத்துல ரெண்டு சுத்து, நிக்கல. முதலாளி நாசில் பேச்சை எடுக்கல.

ரெண்டு சந்தேகம். அந்தக் கறுப்பு எதனால வருது? இன்னொண்ணு, இப்போ முழு வேகத்துல லேசா கரும்புகை வருது, முன்னாடி இல்ல.

பாம்பன்காரன்

கறுப்பு கிருமி தம்பி. டீசலுக்கு அடியில தண்ணி நின்னா, ரெண்டும் சேர்ற இடத்துல வளரும். உங்க ஊர்ல ராத்திரி குளிர், பகல்ல வெயில். பாதி டேங்க்ல மேல இருக்கிற காத்து ஈரம் உள்பக்கம் வேர்த்து இறங்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே டேங்கை நிரப்பி விடுங்க, வேர்க்க இடம் இருக்காது. தென்மேற்கு மழையில வண்டி சும்மா கிடக்கும்ல, அப்போ இது ரொம்ப முக்கியம். காலையில செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னால செப்பரேட்டர் அடியில திறந்து தண்ணியைப் பிடிங்க, டப்பாவுல. கொஞ்ச நாளைக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், ரெண்டு ஸ்பேர் வாங்கி வண்டியிலயே போட்டு வைங்க.

குன்னூர் பழைய ஃபிட்டர்

மூடிக்கு இனி டீசல் தாங்குற ரப்பர் கேஸ்கட் மட்டும் போடுங்க. அவசரத்துக்குக் கூட அந்தப் பசை வேண்டாம்.

கரும்புகை புது வியாதி இல்லை, பட்டினியில இத்தனை நாள் மறைஞ்சு கிடந்தது. பம்ப் ஆலப்புழைக் காத்துக்கு அளந்து வச்ச டீசலை இங்கேயும் குடுக்குது, எரிக்கக் காத்து பத்தல. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 300 மீட்டர் ஏறினா ஏறக்குறைய 3 சதவீதம் பலம் குறையும்னு எங்க ஃபேக்டரியில கணக்கு வைப்போம். உங்க உயரத்துக்கு அது 20 சதவீதத்தைத் தாண்டும். முதல்ல ஏர் கிளீனரைப் பாருங்க. சுத்தமா இருந்தா, சீசன் முடிஞ்சதும் பம்பை மட்டும் கழட்டி கோயம்புத்தூர்ல காலிபரேஷனுக்குக் குடுங்க. ஊட்டியில ஓடற வண்டின்னு சொல்லி டீசலைக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க. நீங்களே ஸ்க்ரூவைத் திருகாதீங்க. இன்னொண்ணு, கடல்மட்டத்துக்குன்னு பார்த்துப் போட்ட புரொபெல்லர் இங்க இந்த இன்ஜினுக்குப் பாரம். பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறுற தூரம்) கம்மியா ஒண்ணு கிடைக்குமான்னு பாம்பன்காரரைக் கேளுங்க, அது அவர் இலாகா.

பாம்பன்காரன்

கிடைக்கும். இப்போ இருக்கிற புரொபெல்லரோட நடுக்குமிழ்ல (பாஸ்) அளவு கொத்தியிருக்கும், விட்டமும் பிட்சும். அதோட கியர்பாக்ஸ் ரேஷியோ, முழு வேகத்துல எத்தனை ஆர்பிஎம் வருதுன்னு மூணையும் இங்க போடுங்க. சொல்றேன்.