ஞாயிறு சைக்கிள் வகுப்புக்குப் பெயர் தாருங்கள்

திருநகர் அக்கா: அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு எங்கள் மண்டபத்தில் உள்ளக சைக்கிள் குழு வகுப்பைத் தொடங்குகிறோம். 10 இயந்திரங்களுக்கு இதுவரை 4 பெயர்களே வந்துள்ளன. புதியவர்களுக்கான வகுப்பு என்பதால் நம் வீட்டாரைத்தான் முதலில் கேட்கிறேன், இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

பரந்தன் மாமா: ஏ9 வீதியில் வாழ்நாள் முழுவதும் மிதித்தவன், சுவரைப் பார்த்து மிதிப்பதற்குக் காசு கட்ட வேண்டுமா பிள்ளை?

திருநகர் அக்கா: முதல் வகுப்பு இலவசம் மாமா.

பரந்தன் மாமா: அப்படியென்றால் யோசிக்கலாம்.

வட்டக்கச்சி மாமி: எனக்கு முழங்கால் நோவு இருக்கிறது. இளம்பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் நின்றால் வெட்கமாகப் போய்விடும்.

ஸ்காபரோ சித்தி: மச்சாள், பின்தங்கிவிடுவோமோ என்ற அந்தப் பயத்துக்கு இந்த வகுப்பில் இடமே இல்லை. வீதியில் மெதுவாக மிதித்தால் மற்றவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள்; இங்கே எல்லா வண்டிகளும் நின்ற இடத்திலேயே நிற்பதால், வேகமாக மிதிப்பவரும் மெதுவாக மிதிப்பவரும் ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிப்பார்கள். ஒவ்வொரு வண்டியிலும் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். பயிற்றுநர் கூட்டச் சொல்லும்போது நீங்கள் எவ்வளவு கூட்டினீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்து நின்று மிதிக்கும்போது நீங்கள் இருந்தபடியே மிதிக்கலாம். இந்த முறையை 1980களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜானி கோல்ட்பெர்க் என்ற சைக்கிள் வீரர்...

பரந்தன் மாமா: தங்கச்சி வரலாற்றுப் பாடம் தொடங்கிவிட்டாள்.

முல்லைத்தீவுத் தம்பி: மிதிப்பதை நிறுத்தினால் சில்லும் நின்றுவிடுமா அக்கா?

திருநகர் அக்கா: நல்ல கேள்வி. எங்கள் இயந்திரங்களில் நிற்காது. வீதிச் சைக்கிளில் காலை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் உருளும்; இதில் பாரமான சில்லும் பெடலும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், சில்லு சுற்றும் வரை பெடல் காலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மாமாவைப்போல ஓட்டத்திலேயே காலைத் தூக்கி இறங்கக் கூடாது. திருகைக் கீழே அழுத்தினால் பிரேக் பிடிக்கும். பெடல் முழுமையாக நின்ற பின்னரே இறங்க வேண்டும். மாமி, வண்டியின் அருகில் நின்று பார்த்தால் ஆசனம் உங்கள் இடுப்பெலும்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருப்பதுதான் சரி. ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். ஞாயிறன்று 15 நிமிடம் முன்னதாக வந்தால் நானே அளவு பார்த்து வைக்கிறேன்.

வட்டக்கச்சி மாமி: நான் சைக்கிளில் ஏறியே காலமாகிவிட்டது. 1996இல் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தபோது அத்தான் இரவல் வாங்கிய றலி சைக்கிள் இன்னும் திரும்பி வரவில்லை.

பரந்தன் மாமா: அது ஒட்டுசுட்டானில் உடைந்து போனதென்று எத்தனை தடவை சொல்வது?

வட்டக்கச்சி மாமி: போன தடவை மாங்குளம் என்றீர்கள்.

முல்லைத்தீவுத் தம்பி: நான் முதல் நாளே முழு இறுக்கத்தில் மிதித்துக் காட்டுகிறேன்.

ஸ்காபரோ சித்தி: தம்பி, அதை மட்டும் செய்யாதே. பழக்கமில்லாதவர்கள், அதுவும் உடல்வலு உள்ள இளைஞர்கள், முதல் வகுப்பிலேயே அளவுக்கு மீறி மிதித்துத் தசை சிதைந்து வைத்தியசாலைக்குப் போனதுண்டு. அடுத்த ஓரிரு நாட்களில் தொடை வீங்கிக் கடுமையாக வலித்து, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் தாமதிக்கக் கூடாது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆசனம் உறுத்துவதோ வேறு விடயம், சில வகுப்புகளில் பழகிவிடும். முதல் நாளில் மூச்சு வாங்கினாலும் ஒரு வசனம் பேசக்கூடிய அளவுக்கு மிதித்தாலே போதும். அண்ணா, நீங்கள் இன்சுலின் போடுகிறீர்கள். முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள், சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

வட்டக்கச்சி மாமி: பின்வரிசையில் இடம் கிடைத்தால் நான் வருகிறேன். பாதியில் இறங்கினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

திருநகர் அக்கா: யன்னலோரம் பின்வரிசை உங்களுக்கே, மாமி. நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போடுங்கள். துப்பட்டா பெடலில் சிக்கும். தண்ணீரும் துவாயும் கொண்டு வாருங்கள். தம்பி, உனது பெயரைப் பதியவா?

முல்லைத்தீவுத் தம்பி: சனிக்கிழமை இரவு பேருந்து கிடைத்தால் வருவேன்.

பரந்தன் மாமா: சாரத்தோடு வரலாமா?

திருநகர் அக்கா: கூடாது மாமா. பெயரைப் பதியவா, வேண்டாமா?

பரந்தன் மாமா: முதலில் காற்சட்டை இடுப்பில் ஏறுகிறதா என்று பார்க்கிறேன்.