பழைய எஸ்யூவியில் மூன்று சத்தம்: ‘டங்’, ‘கிச் கிச்’, ‘ம்ம்ம்’. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மண்பாதை:
வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய எஸ்யூவி வாங்கினேன். லேடர் சேஸி (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்), ஆட்டோமேட்டிக், பின் சக்கரம் இழுக்கும் வண்டி. ஃபோர் வீல் டிரைவ் வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜின் சுத்தமாக இருந்தது. அதிலேயே மயங்கி, அடியில் குனிந்து பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

இப்போது மூன்று சத்தம். நியூட்ரலில் இருந்து டி போட்டாலும் ஆர் போட்டாலும் பின்னால் ‘டங்’. ஓட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்ப மிதித்தாலும் அதே ‘டங்’. பார்க்கிங்கில் மெதுவாக நகர்ந்தால் ‘கிச் கிச்’ என்று அணில் மாதிரி ஒன்று. அப்புறம் 60-க்கு மேல் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், 80-ல் பேச்சே கேட்காது.

ஒரு மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் பின் ஹவுசிங்கையே (பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர் கூடு) மாற்றச் சொன்னார். இன்னொருவர் நாலு வீல் பேரிங்கும் போச்சு என்கிறார். யாரை நம்புவது?

கிரீஸ்கன்:
இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். மூன்று சத்தத்துக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சேஸி முழுக்க இரும்பு, முன்னால் தட்டினால் பின்னால் கேட்கும். காதை நம்பி பார்ட்ஸ் வாங்கினவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ரீங்காரம். 80-ல் போகும்போது கியரை ஒன்று இறக்கி, அதே 80-ல் ஓட்டுங்கள். ஆர்பிஎம் ஏறும். சத்தமும் கூட ஏறினால் என்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள சமாச்சாரம்: ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் நீளத் தண்டு), ஹவுசிங், பேரிங், டயர். அடுத்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தத்தின் குணம் மாறுகிறதா? மாறினால் ஹவுசிங்குக்குள் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் மேல் சந்தேகம். காலி ரோட்டில் லேசாக இடம் வலம் வளைத்தால் மாறுகிறதா? இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது வீல் பேரிங்.

‘கிச் கிச்’சுக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு, வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி நடந்துகொண்டே எண்ணுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு ‘கிச்’ என்றால் பிரேக், பேரிங் என்று சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. நாலு, எட்டு என்று வந்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். இந்த மாதிரி வண்டிகளில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஏறத்தாழ நாலு சுற்று சுற்றிவிடும்.

நாலாவதுகியர்:
‘டங்’ என்றால் பினியன் லூஸ்தான். ஹவுசிங் முன்னால் பினியன் முனையில் இருக்கும் பெரிய நட்டை ஒரு கால் சுற்று இறுக்கிவிடுங்கள், போய்விடும். என் பழைய வண்டியில் அப்படித்தான் சரியானது.

கிரீஸ்கன்:
தயவுசெய்து அந்த நட்டில் கை வைக்காதீர்கள். பல ஹவுசிங்குகளில் அந்த நட்டின் இறுக்கத்தைத் தாங்க உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். முதல் முறை இறுக்கும்போது அளவாக நசுங்கி, இரண்டு பினியன் பேரிங்குக்கும் வேண்டிய இறுக்கத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும். அதற்கு மேல் இறுக்கினால் இன்னும் நசுங்கும், திரும்பி வராது. பேரிங் சூடேறி, இல்லாத ரீங்காரம் புதிதாக வந்து சேரும். உங்கள் வண்டி தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம் அண்ணா, அதை வைத்தியம் என்று சொல்ல முடியாது.

மண்பாதை:
ஞாயிற்றுக்கிழமை எல்லாம் செய்து பார்த்தேன். கியர் இறக்கினாலும் ரீங்காரம் மாறவில்லை. மிதித்தாலும் விட்டாலும் அதே சத்தம்தான். வளைத்தாலும் வித்தியாசம் இல்லை.

சாக்பீஸ் வேலை வேடிக்கையாக இருந்தது. காலி மைதானத்தில் தம்பி ஊர்ந்து ஓட்ட, நான் இரண்டு கை தூரம் தள்ளி நடந்தேன். கோடு கீழே வந்து மறுபடி கீழே வருவதற்குள் நாலு முறை கத்துகிறது. மூன்று முறை எண்ணினேன், மூன்றிலும் நாலுதான்.

கிரீஸ்கன்:
அப்படியானால் யூஜே கிராஸ், அதாவது ஷாஃப்டின் முனையில் கோணத்திலும் சுற்ற விடும் சிலுவை மாதிரி மூட்டு. ‘டங்’கும் அநேகமாக அதுவேதான். உறுதி செய்துகொள்ளுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு நியூட்ரலில் விடுங்கள். ஜாக்கி தூக்கித்தான் கீழே போக முடியும் என்றால் ஸ்டாண்ட் இல்லாமல் போகாதீர்கள். ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருகுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், கிரவுன் பினியன் பற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் வண்டியே ஓடாது. எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட ஆட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கிராஸின் ஒரு பக்கத்துக் கவை (கிராஸைப் பிடித்திருக்கும் ‘யு’ வடிவக் கை) நகர்ந்து, எதிர்க் கவை சும்மா இருந்தால் கிராஸ் போச்சு. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் ஆட்டம் ஹவுசிங்குக்குள். கிராஸின் நாலு மூடியைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். துருப்பிடித்த மாதிரி சிவப்புப் பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தூளாகிறது என்று அர்த்தம்.

அப்படியே கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டையும் பார்த்துவிடுங்கள். கிழிந்திருந்தால் அதுவும் டி, ஆர் போடும்போது ‘டங்’ என்னும்.

மண்பாதை:
ஹவுசிங் பக்கத்துக் கிராஸில் இரண்டு மூடியைச் சுற்றிச் சிவப்புப் பொடி, குங்குமம் தூவின மாதிரி. திருகினால் முதலில் ஷாஃப்ட் நகர்கிறது, ஒரு நூல் அளவு கழித்துத்தான் ஹவுசிங் கவை நகர்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்துக் கிராஸ் நன்றாக இருக்கிறது. மவுண்டும் பரவாயில்லை. இரண்டு கிராஸையும் நானே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

கிரீஸ்கன்:
தாராளமாக. கழற்றும் முன் ஃப்ளேஞ்சுக்கும் (ஷாஃப்ட் போல்ட் ஆகும் தட்டு) ஷாஃப்டுக்கும் குறுக்காகப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே இடத்தில் மாட்ட. இன்னொன்று, ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ‘பி’யில் போட்டாலும் வண்டி நிற்காது. கியர்பாக்ஸுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. கட்டையும் ஹேண்ட் பிரேக்கும்தான் காப்பாற்றும்.

மூடியை வைஸில் வைத்து அழுத்தும்போது சர்க்லிப் (மூடி வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) காடியில் உட்கார மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஊசி ஒன்று சாய்ந்து மூடியின் அடியில் படுத்திருக்கும். வெளியே எடுத்து, கிரீஸால் ஊசிகளை ஓரத்தில் ஒட்டவைத்துத் திரும்ப ஏற்றுங்கள். கிரீஸ் அடிக்க நிப்பிள் உள்ள கிராஸ் வாங்குங்கள். நாலு மூடியிலிருந்தும் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை கன் அடியுங்கள்.

மண்பாதை:
மாற்றியாயிற்று. ஊசி சாய்ந்த கதை எனக்கும் நடந்தது, நல்லவேளை சொல்லியிருந்தீர்கள். பழைய மூடியைக் கவிழ்த்தால் ஊசிக்குப் பதிலாகச் சிவப்பு மாவு கொட்டியது. ‘கிச் கிச்’ போச்சு. ‘டங்’கும் போச்சு, டி போடும்போது சின்னதாக ஒரு ‘டக்’ மட்டும்.

ஆனால் புதுத் தொல்லை. 50-ல் இருந்து 70 வரை சீட்டுக்கு அடியில் அதிர்வு. முன்னால் இது இல்லவே இல்லை. கிராஸ் டூப்ளிகேட்டா?

பின்சீட்:
ஷாஃப்டைக் கழற்றும்போது சறுக்கும் ஸ்ப்லைன் பகுதி (பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று நகரும் இணைப்பு) தனியாக உருவி வந்ததா? அதில் கோடு போட்டீர்களா?

மண்பாதை:
ஐயோ. ஃப்ளேஞ்சில் மட்டும்தான் போட்டேன். வெளியே எடுக்கும்போது ஷாஃப்ட் இரண்டாகப் பிரிந்து வந்துவிட்டது. சுத்தமாகத் துடைத்து, கிரீஸ் வைத்து, ஏதோ ஒரு பல்லில் சேர்த்துவிட்டேன்.

பின்சீட்:
அதேதான். கோணத்தில் சுற்றுகிற ஒரு யூஜே சீரான வேகத்தைத் தராது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். எதிர் முனையில் உள்ள யூஜே அதே அளவுக்கு எதிராகச் செய்து அதைச் சமன் செய்துவிடும். அதற்கு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் கணக்கு கெட்டுவிடும். ஷாஃப்டைத் தரையில் வைத்து ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டுங்கள், இரண்டு கவையும் நேர்கோட்டில் தெரிய வேண்டும். சில ஷாஃப்டில் இரண்டு அம்புக்குறி அடித்திருப்பார்கள், அழுக்கைச் சுரண்டினால் தெரியும்.

ரீங்காரம் இன்னும் இருக்கிறதா? மிதித்தாலும் வளைத்தாலும் மாறாத சத்தம் என்றால் எனக்கு டயர் மேல்தான் சந்தேகம். புது வழவழப்பான ரோட்டில் குறைகிறதா பாருங்கள். உள்ளங்கையை டயர் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) மேல் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப் பக்கம் ரம்பம் மாதிரி தட்டினால் அதுதான் உங்கள் ‘ம்ம்ம்’.

கிரீஸ்கன்:
டயர் என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதுக்குக் கேட்பதற்கு முன் விரலுக்கு ‘நறநற’ என்று தெரியும்.

அடியில் இருக்கும்போதே ஹவுசிங் ஆயிலையும் மாற்றிவிடுங்கள், மேனுவலில் சொன்ன கிரேடு. நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள், அப்புறம்தான் வடிக்கும் பிளக். வடித்த பிறகு மேல் பிளக் அசையாவிட்டால் ஆயில் இல்லாத ஹவுசிங்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. நகத்தால் பொறுக்கி எடுக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் எழுதுங்கள், அப்போது ஹவுசிங்கைப் பற்றிப் பேசுவோம்.

மண்பாதை:
பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஷாஃப்ட் ஒரு பல் தப்பியே இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் அம்புக்குறி இரண்டும் தெரிந்தன. சேர்த்து மாட்டினேன், அதிர்வு சுத்தமாக இல்லை.

காந்தத்தில் பசை மட்டும்தான். முன் ஸ்பிரிங்கில் கை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. பின் டயர் இரண்டிலும் பட்டன்கள் ரம்பம் மாதிரியே இருக்கின்றன. அந்த இரண்டையும் முன்னால் போட்டு ஓட்டினேன், இப்போது ‘ம்ம்ம்’ டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வருகிறது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்து மண் ஒட்டிக் கிடக்கிறது. டயர் இப்படித் தேய அதுதான் காரணமாக இருக்குமா?

கிரீஸ்கன்:
பெரும்பாலும் அதுதான். முதலில் ஷாக், அப்புறம் அலைன்மென்ட், கடைசியில் டயர். வரிசை மாறினால் புது டயரும் ஆறு மாதத்தில் பாட ஆரம்பிக்கும்.