நாரையின் அலகில் விடுபட்ட இடைவெளி

ஏரிக்கரை:
வேடந்தாங்கலில் மூன்று பருவம் உட்கார்ந்து வரைந்த நீர்வண்ணப் படங்களை எங்கள் ஊர்க் கண்காட்சியில் வைத்திருந்தேன். நடுவில் பெரிதாக, கூட்டில் நிற்கும் நத்தைகுத்தி நாரை. எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். மாலையில் மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். கண்ணாடியைத் தொடாமல், அலகுக்கு நேரே விரலை நீட்டி, "இது குஞ்சா அம்மா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, பெரிய பறவைதான்" என்றேன். "அலகு மூடியிருக்கிறதே" என்றார்.

அவ்வளவுதான். வளர்ந்த நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரியும். குஞ்சுக்குத்தான் அந்த இடைவெளி இருக்காது. இது எனக்குத் தெரியாததல்ல. என் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இடைவெளியோடு வரைந்திருக்கிறேன். பெரிய படத்தில் மட்டும், கோடு அழகாக விழுகிறதே என்று ஒரே இழுப்பில் இழுத்துவிட்டேன். அவர் மற்ற படங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

கித்தான்:
இதற்கா இத்தனை வருத்தம்? ஓவியம் பறவைக் கையேடு அல்ல. நான் பனையைச் சிவப்பில்தான் வரைகிறேன். ஒரு பெரியவர் கண்காட்சிக்கு நடுவே, "இப்படி ஒரு மரத்தை எங்கே பார்த்தாய்?" என்று சத்தம் போட்டார். சாயங்கால வெயிலில் பார்த்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. நான் மாற்றவும் இல்லை.

மலைச்சாரல்:
கித்தான் சொல்வது இங்கே பொருந்தாது. சிவப்புப் பனை நீங்கள் தெரிந்தே எடுத்த முடிவு. மூடிய அலகு அப்படியல்ல, அது கை செய்த அவசரம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

என்னுடையது வேறு. 2018இல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானலில் வரைந்த சரிவு ஒன்றை ஓர் ஆசிரியை வாங்கினார். சில ஆண்டுகள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். படம் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தது. ஊதாவிலிருந்த சிவப்பு முழுக்க வெளுத்து, மலை முழுவதும் வெறும் நீலம். நான் வாயடைத்து நின்றேன். அவரோ, "குறிஞ்சி பூத்து முடிந்துவிட்டது, அவ்வளவுதானே" என்று காபியை நீட்டினார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

நெய்தல்:
மலைச்சாரல், நீங்கள் கலந்தது அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பாகத்தான் இருக்கும். வெயிலில் அது நிற்காது. குயினாக்ரிடோன் வகைச் சிவப்புக்கு மாறுங்கள். குழாயின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு காகிதப் பட்டையில் உங்கள் வண்ணங்களைப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். பிறகு தாளை எடுத்தால் எது வெளுத்துப்போகும் வண்ணம் என்று கண்ணுக்கே தெரியும். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டவே கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, வேண்டும், அதுவும் அமிலமில்லாத அட்டை. கடலோர ஊர்க்காரர்கள் படத்தை ஈரச் சுவரில் மாட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை அதிகம்தான். விற்கும் படத்துக்காவது போடுங்கள். வாங்குபவரிடம் வெயில் படாத சுவரைக் காட்டிவிட்டு வருவதும் நம் வேலைதான்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் வரைந்த பழவேற்காட்டுப் பூநாரைப் படங்கள் எட்டு, ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துப் போயின. அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

ஏரிக்கரை:
கித்தான், உங்கள் பனை இருக்கட்டும். ஆனால் அந்த மனிதர் கலையைக் கேள்வி கேட்கவில்லை. தன் வயலில் நத்தை பொறுக்கும் பறவையை என் படத்தில் தேடினார்.

நேற்று சட்டத்தைக் கழற்றினேன். ஈரத் தூரிகையால் அலகின் நடுவே வண்ணத்தை ஊறவைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். காகிதம் பழைய வெண்மைக்குத் திரும்பவில்லை. மங்கலாக ஒரு கீற்று வந்திருக்கிறது. ஜனவரியில் அந்தப் பக்கமே ஒரு கண்காட்சி இருக்கிறது. படத்தை வாசலுக்கு அருகில் மாட்டப்போகிறேன்.